தாய்லாந்துத் தீவுகளில் தன்னார்வப் பணியும் பயணமும்: தம்பதியாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தாய்லாந்துச் சட்டத்தின் கண்ணில் வேலை வேலைதான். நாய்க் காப்பகத்தில் கூண்டு கழுவுவது, தங்கும் விடுதியில் இலவச அறைக்குப் பதிலாக வரவேற்பு மேசையில் உட்காருவது, பள்ளியில் ஒரு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இதில் அடக்கம். ஒர்க் பெர்மிட் எனப்படும் வேலை அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை அபராதம் விழும், நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அடுத்த 2 ஆண்டுகளுக்குப் பெர்மிட்டும் கிடைக்காது. சேர்த்துக்கொண்ட அமைப்புக்கும் ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம் உண்டு.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமலே நுழையலாம் என்ற சலுகை வந்த பிறகு, "முதலில் டூரிஸ்டாகப் போவோம், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புகிறவர்கள் அதிகம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அமைப்பின் கடிதம், அடுத்து விசா, அதன் பிறகு டிக்கெட், கடைசியில் தீவுகள். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், பயணமும் போகும்.

கணவன் மனைவி இருவரும் ஒரு தீவின் விலங்குக் காப்பகத்தில் ஏறக்குறைய 8 வாரம் பணி செய்து, மிச்சமுள்ள 4 வாரம் தீவுகளைச் சுற்றுவது என்ற கணக்கில் இது எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 90 நாளுக்குள் முடித்துக்கொள்வதுதான் நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. தீவைத் தேர்ந்தெடுக்கும் முன் மழையைப் பாருங்கள்

தெற்குத் தாய்லாந்துக்கு இரண்டு கரைகள். மேற்கே அந்தமான் கடல், அதில் லந்தா, ஃபிஃபி, சிமிலான், லீபே. கிழக்கே தாய்லாந்து வளைகுடா, அதில் சமுய், பங்கான், தாவ். மேற்குக் கரைக்குத் தென்மேற்குப் பருவமழை, மே முதல் அக்டோபர் வரை. கிழக்குக் கரைத் தீவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, நவம்பரில் மிக அதிகம். சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்கள்தான், நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு வளைகுடாத் தீவுகள், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு அந்தமான் பக்கம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மழைக்காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் வருவது குறைந்துவிடும், நாய்களின் எண்ணிக்கை குறையாது. அதனால் காப்பகங்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படுவது மழை மாதங்களில்தான். பணிதான் முதல் நோக்கம் என்றால் லந்தாவுக்கு ஜூனில் போவதில் தவறில்லை. பயணத்தை மட்டும் அதன் பிறகு கிழக்குக் கரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

2. காப்பகத்துக்கு எழுதுவது: 4 அல்லது 5 மாதம் முன்பே

லந்தா அனிமல் வெல்ஃபேர் போல வெளிநாட்டுத் தன்னார்வலர்களோடு பல ஆண்டு பழக்கமுள்ள காப்பகங்கள் தீவுகளில் இருக்கின்றன. பார்வையாளராகப் போய் ஒரு மணி நேரம் நாயை நடத்திக்கொண்டு வருவது வேறு, வாரக்கணக்கில் தங்கிப் பணி செய்வது வேறு. இரண்டாவதற்கு எழுதும்போது இந்தக் கேள்விகளை நேராகக் கேளுங்கள்:

தாய்லாந்தில் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்கிறீர்களா, பதிவுச் சான்றின் நகலைத் தர முடியுமா? விசாவுக்கு அழைப்புக் கடிதம் தருவீர்களா, இருவருக்கும் தனித்தனியாகத் தருவீர்களா? ஒர்க் பெர்மிட்டுக்கு நீங்கள் விண்ணப்பிப்பீர்களா, கட்டணம் யார் பொறுப்பு? தம்பதிக்குத் தனி அறை உண்டா, அல்லது ஆண் பெண் தனித்தனிப் பொது அறையா? வார விடுமுறை இருவருக்கும் ஒரே நாளில் கிடைக்குமா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் காப்பகம் வாரத்தின் ஏழு நாளும் இயங்குவதால் விடுமுறையை மாற்றி மாற்றித்தான் போடுவார்கள். முன்பே கேட்டு எழுத்தில் வாங்காவிட்டால் இரண்டு மாதமும் ஒருவர் ஓய்வில் இருக்கும்போது மற்றவர் பணியில் இருப்பார்.

"விசா எல்லாம் வேண்டாம், டூரிஸ்டாக வாருங்கள், கேட்டால் சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அபராதம் உங்கள் தலையில்தான் விழும். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும், பாஸ்போர்ட்டின் அசலைக் கூரியரில் கேட்டாலும் அப்படியே. இடையில் ஏஜென்சி வைத்துப் போனால், நீங்கள் கட்டும் தொகையில் காப்பகத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். நேராகச் சொல்லத் தயங்கினால் நேரடியாகக் காப்பகத்துக்கே எழுதுவது மேல்.

குழந்தைகள் இல்லங்களில் சில வாரம் மட்டும் பணி செய்யும் திட்டங்களுக்குப் போகாதீர்கள். மாதத்துக்கு ஒரு புது அண்ணன் அக்கா வந்து ஒட்டிக்கொண்டு, பிறகு காணாமல் போவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் கெடுதல். ஆட்கள் பணம் கட்டி வருகிறார்கள் என்பதற்காகவே குழந்தைகளை இல்லத்தில் வைத்திருப்பதும் நடக்கிறது. யானை முகாம் என்றால், சவாரியும் வித்தையும் இருக்கும் இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

3. ஆவணங்கள்: பெயரில்தான் பாதிச் சிக்கல்

தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவனம் தேவை. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும், திருமணச் சான்றில் கணவர் பெயரும், வங்கிக் கணக்கில் வெறும் இனிஷியலும் இருப்பது சாதாரணம். விசா விண்ணப்பம், காப்பகத்தின் கடிதம், விமான டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். காப்பகத்துக்குப் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் பாஸ்போர்ட் பக்கத்தின் ஸ்கேனை அனுப்பினால், கடிதத்தில் எழுத்துப் பிழை வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆளுக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்களோடு. சமீபத்தில் எடுத்த புகைப்படங்கள் ஒரு டஜன், அவற்றில் பாதி 4×6 செமீ அளவில். வங்கி அறிக்கை. காப்பகத்தின் அழைப்புக் கடிதம், அவர்களின் பதிவுச் சான்று, கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகல். படிப்புச் சான்றுகளின் நகல். போலீஸ் கிளியரன்ஸ் சான்று கேட்கப்பட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் ஆளுக்கு 500 ரூபாய் கட்டி வாங்கலாம். காவல் நிலைய விசாரணைக்கும் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

இருவரும் தனித்தனித் தன்னார்வலராகப் போனால் திருமணச் சான்று பெரிதாகத் தேவைப்படாது. ஒருவர் மட்டும் பணி செய்ய, மற்றவர் துணையாகப் போவதென்றால் அது கட்டாயம். கோயிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வாங்கிய சான்றுதான் செல்லும். வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பமும் தாய்லாந்துத் தூதரக ஒப்பமும் கேட்பார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் பல வாரம் பிடிக்கும். துணையாகப் போகிறவர் காப்பகத்தில் ஒரு வாளி தண்ணீர் தூக்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான். ஆகவே இருவருக்கும் நாய்கள் பிடிக்கும் என்றால் இருவரும் தன்னார்வலராகவே விண்ணப்பியுங்கள்.

4. விசா: நான்-இமிகிரன்ட் ஓ

தன்னார்வப் பணிக்கு உரியது நான்-இமிகிரன்ட் ஓ வகை, அதாவது குடியேறாமல் தங்கிப் போகிறவர்களுக்கான விசாக்களில் "ஓ" என்ற பிரிவு. 2025 ஜனவரி முதல் இந்தியாவிலிருந்தும் தாய்லாந்தின் இ-விசா தளம் வழியாகவே விண்ணப்பம். தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஒருமுறை நுழையும் விசாவுக்குக் கட்டணம் 2,000 பாட் அளவு, அதற்குத் தூதரகம் நிர்ணயித்த ரூபாயில் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

காலக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை நுழையும் விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்த நாளிலிருந்து 90 நாள் தங்கலாம். இரண்டும் வெவ்வேறு கணக்கு. மிகவும் முன்கூட்டி எடுத்தால் விசா கையிலேயே காலாவதியாகும், தாமதித்தால் தூதரகம் கேட்கும் கேள்விக்குப் பதில் அனுப்ப நேரம் இருக்காது. பயணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன் விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். கூடுதல் ஆவணம் கேட்டு ஒரு மின்னஞ்சலாவது வரும் என்று எதிர்பார்த்து, தினமும் விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள்.

நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே, உங்கள் பெயரில் மாகாணத் தொழிலாளர் அலுவலகத்தில் ஒர்க் பெர்மிட்டுக்கான முன் விண்ணப்பத்தைக் காப்பகம் போட முடியும். அந்தக் கடிதத்தையும் விசா விண்ணப்பத்தோடு இணைத்தால் வலு கூடும்.

இருவரின் விண்ணப்பத்தையும் ஒரே நாளில், ஒரே பயணத் தேதிகளோடு அனுப்புங்கள். ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் நிற்பது நடக்கக்கூடியது, அதனால் இரண்டும் கைக்கு வரும்வரை மாற்ற முடியாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

விசா இல்லாமல் நுழையும் சலுகை 2024 ஜூலை 15 முதல் 60 நாளாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய சலுகைகள் அடிக்கடி மாற்றப்படுபவை, போகிற மாதத்தின் விதியைத் தூதரகத் தளத்தில் பாருங்கள். அது சுற்றுலாவுக்கானது, பணிக்கு உதவாது.

5. ஊசியும் காப்பீடும்

தாய்லாந்தில் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாய், பூனைகளோடு பணி செய்யப் போகிறவர் கடிக்கு முன்பே போடும் தடுப்பூசி இல்லாமல் போகக் கூடாது. முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்பது மூன்று ஊசி வரிசை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் இரண்டு ஊசி வரிசையையும், அதாவது முதல் நாளும் 7ஆம் நாளும், போதுமானதாக ஏற்றது. எது உங்களுக்கு என்று மருத்துவர் சொல்லட்டும். கிளம்புவதற்குக் குறைந்தது ஐந்து வாரம் முன் தொடங்குங்கள், ஊசி போட்ட தேதிகளோடு கூடிய அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முன்பே போட்டுக்கொண்டவரைக் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, முதல் நாளும் 3ஆம் நாளும் இரண்டு ஊசி போட்டால் போதும். போடாதவருக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். சின்னத் தீவுகளில் அது கையிருப்பில் இல்லாமல் போகலாம், அப்போது படகேறிப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரவில் படகு இருக்காது. டெட்டனஸ், டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் அதே மருத்துவரிடம் சரிபார்த்துவிடுங்கள். டெங்கு பரவலாக இருப்பதால் கொசு விரட்டிக் களிம்பு பகலிலும் தேவை.

சாதாரணப் பயணக் காப்பீடு சுற்றுலாவுக்கானது. உடலுழைப்புப் பணியில் ஏற்படும் காயத்தைப் பல நிறுவனங்கள் விலக்கிவைக்கும். மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: விலங்குக் காப்பகத் தன்னார்வப் பணி அடங்குமா, தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு அடங்குமா, ஸ்கூட்டர் விபத்து அடங்குமா. மூன்றாவதற்கு எப்போதும் ஒரு நிபந்தனை இருக்கும்: இருசக்கர வண்டிக்கான செல்லுபடியாகும் உரிமம். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். உங்கள் உரிமத்தில் கார் மட்டும் இருந்தால் இந்த அனுமதியால் ஸ்கூட்டருக்குப் பயனில்லை.

6. விமானமும் நுழைவு முத்திரையும்

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமியும் டான் முவாங்கும். சென்னையிலிருந்து வரும் விமானம் ஒன்றில் இறங்கி, தெற்கே போகும் மலிவு விமானம் மற்றதிலிருந்து கிளம்பினால், இடையில் குறைந்தது 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 மே 1 முதல் டிடிஏசி எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், விசா இருந்தாலும் நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் புதிதாக நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலித் தளமாக இருக்கலாம், கட்டணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இமிகிரேஷன் கவுன்டரில்தான் பலருக்கு விசாவே வீணாகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அதிகாரி பழக்கத்தில் விசா விலக்கு முத்திரையைக் குத்திவிடக்கூடும். அப்படி ஆனால் நீங்கள் டூரிஸ்டாக நுழைந்தவர், அதைத் திருத்த நாள்கணக்கில் அலைய வேண்டும். இ-விசா அச்சுப் பிரதியைப் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் செருகிக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் இரண்டு முத்திரைகளையும் பாருங்கள். விசா வகையும், 90 நாள் தள்ளி வரும் கடைசித் தேதியும் இருவருக்கும் சரியாக இருக்க வேண்டும்.

கையில் பணம் காட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு. தம்பதிக்கு 40,000 பாட் அல்லது அதற்குச் சமமான டாலர் ரொக்கமாக இருந்தால் பேச்சே வராது. இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுபோகலாம். இ-சிகரெட் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது, பையில் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

7. தீவில் இறங்கிய முதல் வாரம்

முதல் வேலை டிஎம் 30. வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டல்கள் தாமாகச் செய்துவிடும். மாத வாடகை வீட்டுக்காரர்கள் மறந்துவிடுவார்கள். பதிவு ரசீதின் படத்தைக் கேட்டு வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இமிகிரேஷனில் எந்தக் காரியத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்து ஒர்க் பெர்மிட். உள்ளூர் கிளினிக்கில் மருத்துவச் சான்று சில நூறு பாட்டுக்குக் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் 100 பாட், 3 மாதம் வரையிலான பெர்மிட்டுக்கு 750 பாட். பெர்மிட் கைக்கு வரும்வரை பணியைத் தொடங்க வேண்டாம். அந்த நாட்களில் வீடு தேடுவது, தீவைத் தெரிந்துகொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட்டில் குறிப்பிட்ட அமைப்புக்காக மட்டும்தான் பணி செய்யலாம். பக்கத்துத் தீவில் இன்னொரு காப்பகத்தில் இரண்டு நாள் உதவலாமே என்றால், அதற்கு இந்தப் பெர்மிட் செல்லாது.

90 நாளுக்குள் ஏன் முடிக்கச் சொல்கிறோம் என்றால், அதைத் தாண்டினால் தங்கும் நீட்டிப்புக்கு ஆளுக்கு 1,900 பாட், தங்கும் முகவரியை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கை, காப்பகத்திடமிருந்து புதிய ஆவணங்கள் என்று வேலை பெருகும். அதைவிட முக்கியமானது, பணியை வைத்து வாங்கிய நீட்டிப்பு அந்தப் பணி முடிந்த நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு தீவு சுற்ற நாள் மிஞ்சாது.

8. காப்பகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்

காலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கும். கூண்டு கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது, உணவு அளந்து வைப்பது, துணி துவைப்பது. நாய்க்குட்டியைக் கொஞ்சும் நேரம் இதில் சிறு பகுதிதான். சீக்கிரம் காயும் பழைய பேன்ட், மூடிய ஷூ, இரண்டு தொப்பி போதும். புது உடைகள் வேண்டாம், குளோரின் பட்டு வெளுத்துவிடும்.

நாயை நடத்திக்கொண்டு போவது எளிது என்று நினைக்காதீர்கள். கயிற்றின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து உள்ளங்கையை மூடுங்கள், மற்ற கை கயிற்றின் நடுவில் இருக்கட்டும். மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால், தெருநாயைப் பார்த்து இருபது கிலோ நாய் பாயும்போது தோள்பட்டை போகும். தம்பதியாக இரண்டு நாய்களோடு போகும்போது பேச்சு சுவாரசியத்தில் அருகருகே நடப்பீர்கள். நாய்கள் மூக்கோடு மூக்கு உரசும், ஒரு நொடியில் சண்டை. எனவே பத்தடி இடைவெளி விடுங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது, மண் பாதைக்குத் திரும்புங்கள். வந்ததும் விரல் இடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி பார்க்க வேண்டும், பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

கீறலோ பல் பட்டதோ எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சங்கோஜப்பட்டு மறைக்காதீர்கள், இது உயிர் விஷயம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாஸும் இறால் விழுதும் சிப்பி சாஸும் விழுந்துவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு தொங்கும் "ஜே" என்ற முழுச் சைவக் கடைகளில் மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்ற கடைகளில் "ஜே" என்று கேட்டுத் தலையாட்டினாலும் சாஸ் பாட்டிலைப் பார்த்துவிடுங்கள். சமையலறையுள்ள அறையாகப் பிடித்தால் இந்தத் தலைவலி பாதியாகும். சாம்பார் பொடி, பெருங்காயம், புளி கையோடு எடுத்துப் போங்கள், துவரம்பருப்பு பெரிய ஊர்களின் இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

9. பணம்

ஒரு பாட்டை ஏறக்குறைய 3 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தீவில் எளிய மாத வாடகை அறை 10,000 முதல் 15,000 பாட். இருவருக்குச் சாப்பாடு நாளுக்கு 500 முதல் 600 பாட். ஸ்கூட்டர் மாதத்துக்கு 3,000 முதல் 4,000, நாள் வாடகை என்றால் 200 முதல் 300. காப்பகம் அறை தந்தால் பெரிய செலவு குறையும். உணவு பெரும்பாலும் உங்கள் செலவுதான்.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டும் அதற்கு மேலும் பிடிப்பார்கள். அடிக்கடி சிறு தொகையாக எடுக்காமல் ஒரே முறை பெரிய தொகையாக எடுங்கள். ரூபாயில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று பாட்டையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் இழப்பு. இருவரும் வெவ்வேறு வங்கி அட்டை வைத்திருங்கள். ஒன்று முடங்கினால் மற்றது உதவும்.

ஸ்கூட்டர் வாடகைக்குப் பாஸ்போர்ட்டை அடமானமாக வைக்க வேண்டாம். நகலும் ரொக்க முன்பணமும் ஏற்கும் கடைகள் உண்டு. எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலுக்குப் புதிய பணம் கேட்கும் சண்டை அதோடு தீரும்.

10. தீவுகளைச் சுற்றும் நான்கு வாரம்

வளைகுடா வழி: பாங்காக்கிலிருந்து ரயிலில் சும்பொன், அங்கிருந்து கேட்டமரான் படகில் தாவ் தீவு சுமார் இரண்டு மணி நேரம், பிறகு பங்கான், சமுய், டான்சாக் துறை வழியாகச் சூரத்தானி. எதிர்த்திசையிலும் போகலாம். நீண்டதூரத் தென்னக ரயில்கள் 2023 ஜனவரி 19 முதல் பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, பழைய ஹுவாலம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். சூரத்தானி ரயில் நிலையமும் ஊருக்குள் இல்லை, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபுன்ஃபினில் இருக்கிறது. படகுத்துறை அதைவிடத் தொலைவு. ரயில், பஸ், படகு மூன்றும் சேர்ந்த ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ஒன்று தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள்.

துறையில் டிக்கெட்டைக் காட்டியதும் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், தீவுக்கு ஒரு நிறம். அதைக் கிழித்துவிடாதீர்கள், இறங்கும் இடத்தில் ஊழியர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார்கள். பைகளைத் தளத்தில் குவித்துவைப்பார்கள். பாஸ்போர்ட், ஒர்க் பெர்மிட், மருந்து, பணம் மட்டும் மடியில் இருக்கட்டும். ஒரே படகு இரண்டு மூன்று தீவுகளில் நிற்கும் என்பதால் உங்கள் பை எந்தக் குவியலில் போகிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பங்கானின் ஹாட் ரின் கடற்கரையில் முழுநிலவு விருந்து நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறும், பல விடுதிகள் மூன்று நாலு இரவு கட்டாயம் என்பார்கள், அதற்கு முன்னும் பின்னும் படகுகள் நிரம்பிவிடும். விருந்துக்காகப் போகவில்லை என்றால் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான், தாய்லாந்தின் புத்தாண்டு. ரயிலும் படகும் முன்பதிவில் தீர்ந்துவிடும், அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். சாலை விபத்துகள் உச்சத்தில் இருக்கும் நாட்களும் இவைதான், ஸ்கூட்டரை நிறுத்திவைத்துவிடுங்கள்.

தாவ் தீவில் ஸ்கூபா கற்றுக்கொண்டால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரம் விட வேண்டும். எனவே தாவ் பயணத்தின் கடைசியில் வராமல் நடுவில் வருமாறு திட்டமிடுங்கள்.

அந்தமான் வழி: கிராபியிலிருந்து லந்தா, அங்கிருந்து மூக், லீபே. லந்தாவிலிருந்து தெற்கே போகும் படகுகள் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் ஓடும். மற்ற மாதங்களில் லீபேக்குப் பாக்பாரா துறையிலிருந்து விரைவுப் படகு. ஜும் போன்ற சின்னத் தீவுகளில் துறையில் நிற்காமல் நடுக்கடலில் நீள்வால் படகுக்கு மாற்றுவார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், உருளும் சூட்கேஸ் இங்கே சுமைதான், முதுகுப் பை எடுத்துப் போங்கள். மூக் தீவின் மரகதக் குகைக்குச் சுமார் 80 மீட்டர் இருட்டுச் சுரங்கத்தில் நீந்த வேண்டும். உயிர்காப்பு அங்கி போடாமலும் ஓதத்தில் கடல் மட்டம் ஏறும் நேரத்திலும் போகாதீர்கள்.

சிமிலான் தீவுகள் மே 16 முதல் அக்டோபர் 14 வரை மூடியிருக்கும். ஃபிஃபி தீவுகளில் உள்ள மாயா விரிகுடா ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படும். வெளிநாட்டவருக்குத் தேசியப் பூங்கா நுழைவு சிமிலானில் 500, ஃபிஃபியில் 400 பாட், டூர் கட்டணத்தில் இது சேர்ந்ததா என்று கேளுங்கள். பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீன் 2021 முதல் தடை, அபராதம் 1,00,000 பாட் வரை. பவளத்தை அழிப்பவை அவை. முழுக்கைச் சட்டை அதைவிட நல்ல பாதுகாப்பு.

லீபேயிலிருந்து பருவகாலத்தில் மலேசியாவின் லங்காவிக்குப் படகு உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் இன்னொரு நாடு என்று ஆசை வரும். ஒருமுறை நுழையும் விசாவில் வந்தவர் தாய்லாந்தை விட்டு வெளியேறினால், மிச்சமுள்ள அத்தனை நாளும் அந்த நிமிடமே ரத்து. போவதாக இருந்தால் முன்பே இமிகிரேஷன் அலுவலகத்தில் டிஎம் 8 படிவத்தில் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள், ஆளுக்கு 1,000 பாட். இருவரில் ஒருவர் மறந்தாலும் திரும்பும்போது இருவரின் கடைசித் தேதியும் வெவ்வேறாகிவிடும்.

கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் இருக்காதீர்கள், இரண்டு நாள் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள்.

11. கிளம்பும்போது

பணி முடிந்ததும் ஒர்க் பெர்மிட்டைக் காப்பகத்திடம் ஒப்படைத்து, ரத்து செய்யும் வேலை அவர்களுடையதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பணிபுரிந்த காலத்தைக் குறிப்பிட்ட கடிதத்தை இருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்குங்கள், அடுத்த விசாவுக்கு உதவும். முத்திரையில் இருக்கும் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் தாண்டினால் தாமாக முன்வந்தாலும் நுழைவுத் தடை. இடையில் சோதனையில் பிடிபட்டால் தடை ஐந்தாண்டு.

இரண்டு மாதம் பார்த்துக்கொண்ட நாயை ஊருக்குக் கொண்டுவர நினைக்காதவர் குறைவு. இந்தியாவுக்குப் பயணப் பொதியாக வளர்ப்பு நாயைக் கொண்டுவரும் சலுகை, இரண்டாண்டு தொடர்ந்து வெளிநாட்டில் வசித்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர்களுக்கானது. மூன்று மாதப் பயணிக்கு அது பொருந்தாது, தனி இறக்குமதி உரிமம் வேண்டும். அந்த நாய்க்கு மாதாமாதம் உணவுச் செலவு ஏற்கும் திட்டம் பல காப்பகங்களில் இருக்கிறது. விருப்பமிருந்தால் கிளம்பும் முன் அலுவலகத்திலேயே பெயர் கொடுத்து, எந்த நாய்க்கு என்றும் எழுதிக் கொடுத்துவிடலாம்.